‘அடியேன்’ என்னும் சொல்: வழக்காய்வின் அளவுகோலும் ஸம்ப்ரதாயத்தின் அளவுகோலும்

ஒரு சொல்லின் பொருளை அறிவதற்கு அகராதி போதுமா, அன்றி அச்சொல்லை வழங்குவோரின் வாழ்வையும் அறிந்தாக வேண்டுமா என்னும் வினா, சென்ற நூற்றாண்டில் மானிடவியல், மொழியியல், சமூகவியல் ஆகிய துறைகளை ஒரே களத்தில் கூட்டியது. மொழி வேறு, பண்பாடு வேறு என்று பிரித்து ஆராய்வோர்க்கு இரண்டும் கைகூடுவதில்லை என்பது அத்துறைகள் படிப்படியாகக் கண்ட முடிபு. அம்முடிபு எவ்வாறு எய்தப்பட்டது, தென்னாட்டு வைஷ்ணவர்களின் பேச்சை ஆராயப் புகுந்தபோது அது எவ்வளவு தூரம் கைக்கொள்ளப்பட்டது, எவ்விடத்தில் கைவிடப்பட்டது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1911இல் அமெரிக்கப் பழங்குடிகளின் மொழிகளைப் பற்றித் தாம் பதிப்பித்த கைந்நூலுக்கு எழுதிய முன்னுரையில், பிரான்ஸ் போவாஸ் மொழியாய்வை மானிடவியலின் பிரிக்கவொண்ணாத அங்கமாக நிறுவினார். அடுத்து வந்த மாலினோவ்ஸ்கி, நியூகினிக்கு அருகிலுள்ள ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் நெடுநாள் தங்கி, அம்மக்களின் மொழியைக் கற்றவர். ஆக்டன், ரிச்சர்ட்ஸ் இருவரும் இயற்றிய ‘பொருளின் பொருள்’ என்னும் நூலுக்கு 1923இல் அவர் எழுதிய பிற்சேர்க்கையில், படகு செலுத்துவதைப் பற்றி அத்தீவினர் கூறிய கூற்றொன்றை எடுத்துக்கொண்டு, அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஒரு பொருளும் தோன்றாமையைக் காட்டினார். யார், எந்நிலையில், எச்செயலின் நடுவே கூறினர் என்பதை உடன்வைத்துக் கண்டாலன்றி அக்கூற்று விளங்காது. இதனையே அவர் ‘நிகழ்நிலைச் சூழல்’ என்றார். 1935இல் வெளியான அவருடைய பவளத்தோட்டங்கள் பற்றிய நூலின் இரண்டாம் தொகுதி முழுவதும் மொழியைப் பற்றியதே. தோட்டத் தொழிலை விளக்கப் புகுந்தவர் தொழிற்சொற்களுக்கென்றே ஒரு தொகுதியை ஒதுக்க நேர்ந்தது என்பதிலிருந்து, சொல்லும் செயலும் எவ்வளவு பின்னிக்கிடக்கின்றன என்பது தெளிவாகும். பின்னர் 1962இல் டெல் ஹைம்ஸ் ‘பேசுதலின் இனவரைவியல்’ என்னும் கட்டுரையில், யார் யாரிடம், எங்கே, எப்பொழுது, எதன்பொருட்டுப் பேசுகின்றனர் என்னும் வினாக்களை ஒழுங்குபடுத்தி, பேச்சு நிகழ்ச்சியையே ஆய்வின் அலகாக அமைத்தார்.

வ்யாக்யானங்களில் பழகியவர்க்கு இவ்வினாக்கள் புதியன அல்ல. திருவாய்மொழிக்கு ஏற்பட்ட வ்யாக்யானங்களில் பாசுரத்தின் சொற்பொருளுக்குள் புகுமுன் அவதாரிகை என்றொரு பகுதி வரும். இப்பாசுரம் ஆழ்வார் தாமான தன்மையில் அருளியதா, தலைமகள் நிலையிலா, தாய் நிலையிலா, தோழி நிலையிலா. முற்பாசுரத்தின் எவ்வநுபவம் இதனைப் பிறப்பித்தது. கேட்போர் யாவர் என்பன அங்கே நிர்ணயிக்கப்படும். அவதாரிகையை நீக்கிப் பதவுரையை மட்டும் கொண்டவன், மாலினோவ்ஸ்கி காட்டிய படகோட்டியின் கூற்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தவனை ஒப்பான். ஈடு முப்பத்தாறாயிரப்படியோ, திருவரங்கத்தில் நம்பிள்ளை காலக்ஷேபமாகச் சாதித்ததை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்தியது. ஆதலின் அது நூலாக இருக்கும்பொழுதே பேச்சு நிகழ்ச்சியின் பதிவாகவும் இருக்கின்றது. இன்னார் கேட்க இன்னார் இன்ன வார்த்தை அருளினார் என்று வரும் ஐதிஹ்யங்கள் இன்ன சொல்லுக்கு இன்ன பொருள் கொள்ளப்பட்டது என்பதை, அதனைக் கொண்ட மனிதரோடும் இடத்தோடும் சேர்த்தே காத்து வைத்தன.

இவ்வொப்புமையைக் கண்டு, மேலைநாட்டார் இன்று கண்டதை முன்னோர் அன்றே கண்டனர் என்று மகிழ்ந்து அமைவது ஆய்வாகாது. இரண்டிற்கும் நோக்கம் வேறு. இனவரைவியலார் பிறர் கொண்டதைப் பதிவுசெய்கின்றார். அதனைத் தாம் கொள்ள வேண்டிய கடப்பாடு அவருக்கில்லை. வ்யாக்யாதாவோ தாம் பொருள் கூறும் சொல்லுக்குத் தம்மையே ஆட்படுத்திக்கொண்டவர். அச்சொல்லின் பொருள் அவருடைய அனுஷ்டானத்தில் முடிகின்றது. புறத்தே நிற்பவர்க்குத் தெரிவதும் அகத்தே நிற்பவர்க்குத் தெரிவதும் வெவ்வேறு. ஒன்றிற்கு எட்டாதது மற்றொன்றிற்கு எட்டும். இதனை மனத்திற்கொண்டே இனி வருவதனை நோக்க வேண்டும்.

வழக்காய்வு கண்டதும் காணாததும்

பாரதத்தில் பேச்சையும் சமூக அமைப்பையும் சேர்த்து ஆராயும் முயற்சி 1950களின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. 1958இல் ஜான் கம்பர்ஸ் வடநாட்டுச் சிற்றூர் ஒன்றின் பேச்சு வேறுபாடுகளை ஜாதி அடுக்கோடு பொருத்திக் கட்டுரை எழுதினார். வில்லியம் பிரைட் கன்னட நாட்டில் பிராமணர் பேச்சையும் பிராமணரல்லாதார் பேச்சையும் ஒப்பிட்டார். பின்னர் அவரும் ஏ. கே. ராமானுஜனும் சேர்ந்து தமிழ், துளு முதலியவற்றையும் உட்கொண்டு, எழுத்தறிவு மொழிமாற்றத்திற்கு ஒரு தடையாக நிற்கின்றது என்னும் கருத்தை முன்வைத்தனர். ராமானுஜன் தாமே 1968இல், மில்டன் சிங்கரும் பெர்னார்ட் கோனும் பதிப்பித்த தொகுப்பில், ஐயங்கார் தமிழையும் முதலியார் தமிழையும் இலக்கண நிலையிலும் சொல் நிலையிலும் ஒப்பிட்டு எழுதினார்.

இவ்வாய்வுகளின் சிறப்பைக் குறைத்துக் கூறுவது முறையன்று. அதுகாறும் பேச்சு வழக்கைக் கொச்சை என்று தள்ளியவர்களே மிகுதி. வேறுபாடுகள் தாறுமாறானவை அல்ல, அவற்றிற்கும் ஓர் இலக்கணம் உண்டு என்று நிறுவியது இத்துறையின் பெருந்தொண்டு. ஒரு சாராரின் பேச்சு சிதைவு, மற்றொரு சாராரின் பேச்சு செம்மை என்னும் மயக்கமும் இதனால் நீங்கிற்று. இருவர் பேச்சும் மாறியுள்ளன, மாறிய வகைகளே வேறு என்பது காட்டப்பட்டது.

ஆயினும் இவ்வாய்வுகள் அளவுகோலாகக் கொண்டது பிறப்பை. பேசுவோன் இன்ன ஜாதியில் பிறந்தான், ஆதலால் இன்ன சொல்லை வழங்குகின்றான் என்பது இவற்றின் நடை. பெரும்பாலான ஒலி, உருபு வேறுபாடுகளுக்கு இந்நடை பொருந்தும். குழந்தை வீட்டில் கேட்டதைப் பேசும். வீடு பிறப்பால் அமைவது. ஆனால் வைஷ்ணவ இல்லங்களில் வழங்கும் சொற்களில் ஒரு தொகுதி இவ்வளவில் அடங்காது. தளிகை, சாற்றமுது, கறியமுது, திருக்கண்ணமுது, எழுந்தருளுதல், கண்டருளப்பண்ணுதல், தண்டன் ஸமர்ப்பித்தல், தேவரீர், அடியேன் என்பன அத்தொகுதியைச் சேர்ந்தவை. இவற்றையும் ‘ஆத்து’, ‘வந்தேள்’ என்பன போன்ற வடிவங்களோடு ஒரே பட்டியலிலிட்டு, ‘ஐயங்கார் வழக்கு’ என்று ஒரே பெயரிட்டால், இரு வேறு வகைகள் ஒன்றாகிவிடுகின்றன. ‘வந்தேள்’ என்பது பிறந்து வளர்ந்ததனால் வரும் வடிவம். அதனை வழங்குவோர்க்கு அதற்கொரு காரணம் கூறத் தெரியாது, கூற வேண்டுவதும் இல்லை. ‘அடியேன்’ என்பதற்கோ காரணம் கற்பிக்கப்படுகின்றது. அக்காரணத்தை அறியாமல் அதனைச் சொல்லுதல் குறைபாடு என்றும் கற்பிக்கப்படுகின்றது.

ராமானுஜனிடத்தில் இது இன்னும் வியப்புக்குரியது. மைசூரில் ஐயங்கார் குடும்பத்தில் 1929இல் பிறந்த அவரே, நம்மாழ்வார் பாசுரங்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து 1981இல் வெளியிட்டவர். பக்தியின் மொழி எவ்வாறு உருவாகின்றது என்று அந்நூலின் பின்னுரையில் நுட்பமாக ஆராய்ந்த அதே அறிஞர், ஜாதி வழக்கு பற்றிய கட்டுரையில் அக்கண்ணைத் திறக்கவில்லை. ஆழ்வாரின் சொல் ஓர் அறையிலும் ஆழ்வாரை ஓதும் இல்லத்தின் சொல் மற்றோர் அறையிலும் வைக்கப்பட்டன. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள கதவே இங்கு ஆராய வேண்டுவது.

அமுது: கோயிலிலிருந்து இல்லத்திற்கு

முதலில் ‘அமுது’ என்னும் சொல்லைக் கொள்வோம். ரஸம் என்று பிறர் கூறுவதைச் சாற்றமுது என்பதும், பாயஸத்தைத் திருக்கண்ணமுது என்பதும் ஸ்மார்த்தரினின்று தம்மை வேறுபடுத்திக் காட்டவே எழுந்தன என்று கூறுவோர் உண்டு. வேறுபாடு காட்டுவது இன்று அச்சொற்களின் பயன்களுள் ஒன்று என்பதை மறுக்க வேண்டுவதில்லை. ஆனால் பயனைத் தோற்றமாகக் கொள்ளலாகாது.

தோற்றத்தைக் கல்வெட்டுகள் காட்டும். 1010இல் முற்றுப்பெற்ற தஞ்சை இராஜராஜேச்வரத்தின் கல்வெட்டுகளில், அங்கு எழுந்தருளுவிக்கப்பட்ட திருமேனிகளுக்கு நாள்தோறும் படைக்க வேண்டியவை திருவமுது, கறியமுது, நெய்யமுது, தயிரமுது, அடைக்காயமுது என்றே குறிக்கப்படுகின்றன. அது சைவாலயம். ஆகவே ‘அமுது’ என்னும் பின்னொட்டு ஒரு ஜாதியாரோ ஒரு சமயத்தாரோ ஆக்கிக்கொண்டதன்று. சோழநாட்டுக் கோயில்கள் அனைத்திற்கும் பொதுவான நிவேதன மொழி. எழுந்தருளுதல் என்பதும் அவ்வாறே இரு சமயத்துக் கோயில்களுக்கும் பொது.

கோயிலுக்குப் பொதுவாயிருந்த மொழி, வைஷ்ணவ இல்லத்திற்குள் மட்டும் அன்றாடப் பேச்சாகப் புகுந்ததற்குக் காரணம் என்னை? இல்லத்துத் திருவாராதனமே காரணம். அங்கே சமைப்பது உண்போர்க்கன்று; பெருமாளுக்குக் கண்டருளப்பண்ணி, பின்னர் ப்ரஸாதமாகக் கொள்ளப்படுகின்றது. அடுப்பில் ஏறும்பொழுதே அது அமுதாக ஆவதற்குரியது. ஆதலின் கோயில் மடைப்பள்ளிக்குரிய சொல் இல்லத்து அடுப்பங்கரைக்கும் உரியதாயிற்று. தளிகை என்னும் சொல்லும் இவ்வாறே நிற்கின்றது. ஒரு வீட்டில் சமையல் என்று கூறாது தளிகை என்று கூறினால், அவ்வீட்டில் யாருக்காகச் சமைக்கப்படுகின்றது என்பது அச்சொல்லுக்குள் அடங்கியுள்ளது. வீட்டுப் பேச்சை மட்டும் ஒலிப்பதிவுசெய்து, அவ்வீட்டின் திருவாராதனத்தைக் காணாது மீளும் ஆய்வாளர்க்கு, இது ஒரு சாராரின் சொல்விருப்பமாகவே தோன்றும். சொல்லைச் செயலோடு சேர்த்துக் காண வேண்டும் என்று மாலினோவ்ஸ்கி வகுத்த நெறி, ட்ரோப்ரியாண்ட் தோட்டத்திற்குச் சென்றது. தென்னாட்டு அடுப்பங்கரைக்கு வந்தபொழுது மறக்கப்பட்டது.

திருமாளிகை, குடிசை என்னும் இணையும் கருதத்தக்கது. ஒரே வீடு, அதில் வசிப்பவர் வாயில் குடிசை. மற்றொரு வைஷ்ணவர் வாயில் திருமாளிகை. ‘வீடு என்பதற்கு இவர்கள் வழங்கும் சொல் யாது’ என்று கேட்டுப் பட்டியலிடுபவர்க்கு இரண்டில் எதனை எழுதுவது என்னும் ஐயம் எழ வேண்டும். இவ்விரண்டும் சுவரையும் கூரையையும் குறிக்கும் ஒருபொருட்சொற்கள் அல்ல. பேசுபவர்க்கும் கேட்பவர்க்கும் உள்ள ஸம்பந்தத்தைக் குறிப்பவை.

அடியேன்: இரு தட்டும் தாழும் தராசு

இனி ‘அடியேன்’. சமூக உளவியலில் ரோஜர் பிரௌனும் ஆல்பர்ட் கில்மனும் 1960இல் எழுதிய ‘அதிகாரமும் ஒருமைப்பாடும் காட்டும் பெயர்ச்சொற்கள்’ என்னும் கட்டுரை, மொழியையும் சமூக உறவையும் இணைத்து ஆராய்வோர் அனைவர்க்கும் அடிப்படை. பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம் முதலிய ஐரோப்பிய மொழிகளில் முன்னிலைக்கு இரு வடிவங்கள் உண்டு. மேலோன் கீழோனை ‘நீ’ என்றும், கீழோன் மேலோனை ‘நீர்’ என்றும் அழைத்தால் அது அதிகாரம். இருவரும் ஒருவரையொருவர் ‘நீ’ என்றால் அது ஒருமைப்பாடு. வரலாற்றில் முன்னது தேய்ந்து பின்னது வளர்ந்து வந்தது என்பது அவர்களின் முடிபு.

அவ்வாய்வு முன்னிலையைப் பற்றியது. அடியேன் என்பதோ தன்மை. எனினும் அளவுகோல் இதற்கும் பொருத்தப்படுவது வழக்கம். அடியேன் என்பவன் தன்னைத் தாழ்த்துகின்றான், தாழ்த்துபவன் கீழோன், ஆகவே இது அதிகார உறவின் சொல் என்று கணக்கிடுவர். நிலக்கிழார் முன் நின்ற குடியானவன் தன்னை அவ்வாறு கூறிக்கொண்ட வழக்கில் இக்கணக்குச் சரியே. வைஷ்ணவ கோஷ்டியிலோ இருவரும் ஒருவரையொருவர் நோக்கி அடியேன் என்கின்றனர். மூத்தவரும் இளையவரை நோக்கி அவ்வாறு கூறுவர். அதிகாரம் என்றால் ஒருவர் மட்டும் தாழ வேண்டும். ஒருமைப்பாடு என்றால் இருவரும் ஒரு மட்டத்தில் நெருங்க வேண்டும். இங்கோ தராசின் இரு தட்டுகளும் தாழ்கின்றன. இரு தட்டும் ஒருங்கே தாழ்வதாயின், அவற்றைத் தாங்கும் கோல் மூன்றாமிடத்தில் இருத்தல் வேண்டும். அம்மூன்றாமிடம் ஸர்வேச்வரன். அவனுக்குச் சேஷமாயிருத்தலே இருவருக்கும் பொது. அச்சேஷத்வம் அவன் அடியார் அளவும் சென்று நிற்கையால், ஒருவருக்கொருவர் அடியராகின்றனர்.

இவ்விடத்தில் சொல் உறவை மட்டும் காட்டாது, ஸ்வரூபத்தையே காட்டுகின்றது. ஆத்மாவுக்கு இலக்கணமாவது ஜ்ஞாநமோ சேஷத்வமோ என்பது ஆசார்யர்களிடையே நெடிது ஆராயப்பட்ட வினா. திருவாய்மொழி எட்டாம் பத்தின் எட்டாம் திருவாய்மொழியில், ஆத்மா என்று கூற வேண்டிய இடத்தில் ஆழ்வார் ‘அடியேன்’ என்னும் சொல்லையே இட்டருளியதைக் கொண்டு, சேஷத்வமே அந்தரங்க நிரூபகம் என்று பூர்வர்கள் நிர்ணயித்தனர். ஒரு தன்மைச்சொல்லின் வழக்கைக் கொண்டு ஒரு தத்துவ வினா முடிவுசெய்யப்பட்டது என்பது மொழியியலார் கருத வேண்டிய செய்தி. அவ்வாறு நிர்ணயிக்கப்பட்ட பொருளே, பஞ்சஸம்ஸ்காரத்தில் தாஸ்யநாமம் இடுவதன் வாயிலாக ஒருவனுடைய பெயராகவும் ஆகின்றது. தன்னை ‘ராமாநுஜதாஸன்’ என்று கூறிக்கொள்பவன், தந்தை இட்ட பெயரோடு ஆசார்யன் இட்ட பெயரையும் சுமக்கின்றான். முன்னது பிறப்பால் வந்தது; பின்னது ஸமாச்ரயணத்தால் வந்தது.

ஸ்ரீவசநபூஷணத்தில் பிள்ளைலோகாசார்யர் இதனை ஆசார்யன் அளவும் கொண்டுசெல்கின்றார். உபதேசிப்பவன் தன்னையே ஆசார்யன் என்று நினைப்பதும், கேட்பவனைத் தன் சிஷ்யன் என்று நினைப்பதும் பிழை என்பது அவர் திருவுள்ளம். தன் ஆசார்யனே உபதேசிக்கிறான் என்றும் தான் அதற்கு வாயே என்றும் இருக்க வேண்டும். அதிகார உறவு மிக வெளிப்படையாக நிற்க வேண்டிய குரு சிஷ்ய பாவத்திலும் அதன் வேரை அறுக்க ஸம்ப்ரதாயம் முயன்றது என்பது இதனால் விளங்கும்.

எவ்வகையில் அடக்குவது

ஆயின் இச்சொற்றொகுதியை எவ்வகையில் அடக்குவது? மொழியியலிலேயே இதற்கு ஒரு வழி உண்டு. 1964இல் ஹாலிடேயும் அவருடன் சேர்ந்தோரும், பேசுவோனைக் கொண்டு வேறுபடுவது கிளைவழக்கு என்றும், பயன்படும் இடத்தைக் கொண்டு வேறுபடுவது துறைவழக்கு என்றும் பிரித்துக் காட்டினர். வழக்குரைஞன் நீதிமன்றத்தில் பேசுவது துறைவழக்கு. வீட்டிற்கு வந்ததும் அதனைக் கழற்றி வைத்துவிடுகின்றான். வைஷ்ணவர்களின் ‘அடியேன்’ பேசுவோனின் பிறப்பைக் கொண்டு வருவதன்று. ஆதலால் கிளைவழக்கு ஆகாது. இடம் மாறியதும் கழற்றி வைக்கத்தக்கதும் அன்று; ஆதலால் துறைவழக்கும் ஆகாது.

மூன்றாவது வகையொன்றிற்கு ஸம்ப்ரதாயத்தில் பெயருண்டு. சாஸ்த்ரம் ஒவ்வொன்றும் தொடங்கும்பொழுது இதற்கு அதிகாரி யார் என்று கேட்கும். இங்கே அதிகாரம் என்பது ஆளும் வலிமையன்று, ஒன்றிற்கு உரியவனாதல். பிறப்பு வழக்கு, துறை வழக்கு என்பனவற்றோடு அதிகார வழக்கு என்றொன்றையும் கொண்டால், ஸமாச்ரயணத்தால் உரிமை பெற்று, அனுஷ்டானத்தால் நிலைபெறும் பேச்சு தனக்குரிய இடத்தில் அமையும். பிற சமயங்களில் துறவறம் புகுவோரும் மடங்களில் சேர்வோரும் புதிதாகக் கற்கும் பேச்சும் இவ்வகையினவே. ஆகவே இது வைஷ்ணவர்க்கென்று செய்துகொண்ட சலுகையன்று.

தன் பக்கத்து வினா

இதுகாறும் கூறியவற்றால், குறை முழுதும் ஆய்வாளர் பக்கத்தது என்று கொள்ளலாகாது. அதிகாரத்தால் வரும் சொற்களை அவர்கள் ஏன் ஒரு ஜாதியாரின் வீடுகளில் மட்டும் கண்டனர் என்று கேட்க வேண்டும். அவர்கள் வேறு வீடுகளுக்குச் செல்லவில்லை என்பது ஒரு விடை. அக்ரஹாரத்திற்கு வெளியே இச்சொற்கள் செல்லாதவாறு காக்கப்பட்டன என்பது மற்றொரு விடை. முன்னது ஆய்வு முறையின் குறை. பின்னது ஸம்ப்ரதாயத்தைச் சுமப்போரின் குறை. இதனை மறைத்துவிட்டு முன்னதை மட்டும் சாடுவது நேர்மையாகாது.

பூர்வர்களின் வார்த்தை இவ்விஷயத்தில் ஐயத்திற்கிடமின்றி நிற்கின்றது. அடியாருடைய பிறப்பை ஆராய்வதைப் பெருங்குற்றமாக ஸ்ரீவசநபூஷணம் கூறும். ஆளவந்தாரின் சிஷ்யரும், தாழ்ந்ததென்று எண்ணப்பட்ட குலத்தில் பிறந்தவருமான மாறனேரி நம்பிக்கு, அந்தணரான பெரிய நம்பி சரமகைங்கர்யம் செய்ததனைக் குருபரம்பரை போற்றுகின்றது. எம்பெருமானார் நீராடி மீளும்பொழுது பிள்ளை உறங்காவில்லிதாஸரின் கையைப் பற்றி எழுந்தருளினார் என்பதும் யாவரும் அறிந்தது. திருவரங்கத்துக் கைங்கர்யங்களை உடையவர் பத்துக்கொத்தாக வகுத்தருளியதைக் கூறும் கோயிலொழுகு, பல குலத்தவர்க்கும் அங்கே இடமிருந்ததைக் காட்டும். சாத்தாத ஸ்ரீவைஷ்ணவர்களும் பல நூற்றாண்டுகளாகத் திருக்கோயில் கைங்கர்யங்களில் அன்வயித்து வந்துள்ளனர். இவர்கள் அனைவரும் ‘அடியேன்’ என்று கூற அதிகாரம் பெற்றவர்கள். அவர்களை நோக்கி ‘அடியேன்’ என்று கூறப்படுவதற்கும் உரியவர்கள்.

இங்குதான் சோதனை. திருமாலை கட்டிக் கொணர்பவரிடமும், நாதஸ்வரம் இசைப்பவரிடமும், திருவீதிப் புறப்பாட்டில் ஸ்ரீபாதம் தாங்குபவரிடமும், தன் குலத்து வைஷ்ணவரிடம் கூறுவது போன்றே ‘அடியேன்’ என்பவனாகில், அவன் வாயில் அச்சொல் அதிகார வழக்கு. ஜாதி வழக்கு என்று குறித்த ஆய்வாளர் பிழைத்தவராவார். தன் குலத்தாரிடம் ‘அடியேன்’ என்று கூறி, இவர்களிடம் ‘நீ’ என்று கூறுபவனாகில், அவன் வாயில் அச்சொல் ஜாதி வழக்கே. அப்பொழுது பிரௌனும் கில்மனும் வகுத்த பட்டியல் பிசகின்றி அவனுக்குப் பொருந்தும். வ்யாக்யாநமே அவனுக்குப் பொருந்தாமற்போகும். ஒரு சொல் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை நூலும் அகராதியும் தீர்மானிப்பதில்லை. அச்சொல் யாரிடம் சென்று நிற்கின்றது, யாரிடம் செல்லாது நின்றுவிடுகின்றது என்பதே தீர்மானிக்கின்றது. இதனைக் கற்பித்த அளவில் புறத்து ஆய்வு அகத்தார்க்கு உபகாரமே செய்துள்ளது.

எனவே இனிச் செய்ய வேண்டுவன இரண்டு. அக்ரஹாரத்துப் பேச்சோடு நில்லாது, சாத்தாத ஸ்ரீவைஷ்ணவர் இல்லங்கள், திருமடைப்பள்ளிகள், திருநந்தவனங்கள், ஸ்ரீபாதம் தாங்குவோர் வாழும் தெருக்கள் ஆகிய இடங்களிலும் இச்சொற்கள் எவ்வெவ்வாறு வழங்குகின்றன என்பதை மொழியியலார் சேகரிக்க வேண்டும். சொல்லோடு, அது யாரால் யாரிடம் கூறப்பட்டது என்பதையும், அவ்வில்லத்தில் திருவாராதனம் உண்டா என்பதையும் குறிக்க வேண்டும். ஹைம்ஸ் வகுத்த வினாக்கள் இதற்குப் போதுமானவை. இது காலங்கடத்தத்தக்கதும் அன்று. திருவாராதனம் நின்ற வீடுகளில் சாற்றமுது ரஸமாகவும் தளிகை சமையலாகவும் மாறிவருகின்றன. செயல் நின்றபின் சொல் சிறிது காலம் பழக்கத்தால் நிற்கும். பின்னர் அதுவும் நீங்கும். இடைப்பட்ட அக்காலத்தில்தான் சொல் வெறும் குலச்சின்னமாக எஞ்சுகின்றது. ஆய்வாளர்கள் பல வீடுகளில் கண்டது இந்நிலையையே ஆகலாம்.

இரண்டாவது, வ்யாக்யானம் கற்போர்க்குரியது. ‘அடியேன்’ என்பதன் பொருளை விரித்துரைக்கும் காலக்ஷேபத்தில், அச்சொல் வழங்கும் எல்லையும் உடன் ஆராயப்பட வேண்டும். ததீயசேஷத்வம் வரையில் பொருள் கூறிவிட்டு, ததீயர் யாவர் என்னும் வினாவைப் பிறப்பின் எல்லைக்குள் விடையிறுத்தால், பொருள் கூறியது பயனற்றதாகும். இச்சொற்களைப் பட்டியலிட்டோர் ஜாதி என்று எழுதி வைத்தனர். அவ்வெழுத்தை மறுக்கும் கட்டுரைகள் எத்துணை எழுதப்படினும் அது அழியாது. கோயில் வாசலில் மாலைக்கூடையோடு நிற்பவரை நோக்கி அச்சொல் கூறப்படும் அளவிற்கே அழியும்.